பழைய மேசி 1035 வாங்கும் முன் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

செம்மண்காடு:
வணக்கம். மேசி ஃபெர்குசன் 1035 டிராக்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஆர்சி புக்கில் 1984 மாடல். இதுவரை ஓடியது தஞ்சாவூர்ப் பக்கம். இன்ஜின் வேலை பார்த்து இரண்டு வருஷம்தான் ஆகிறது என்கிறார்கள். புதுப் பெயிண்ட், புது ஸ்டிக்கர், மணிக்கணக்கு மீட்டர் ஓடவில்லை. எனக்கு ஆறு ஏக்கர் மானாவாரி. கல்டிவேட்டரும் சின்ன டிரெய்லரும் இழுத்தால் போதும். நேரில் பார்க்கும்போது எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்? எது இருந்தால் வேண்டாம் என்று திரும்பிவிட வேண்டும்?

வண்டல்:
பெயிண்டையும் மீட்டரையும் விட்டுவிடுங்கள். நாற்பது வருஷ வண்டியில் அவை எதையும் சொல்லாது. முதலில் தெரிய வேண்டியது, இந்த வண்டி இதுவரை என்ன வேலை செய்தது என்பதுதான். தேய்மானம் வேலைக்குத் தகுந்த இடத்தில்தான் வரும்.

தஞ்சாவூர் வண்டி என்றால் சேற்றுழவு பார்த்திருக்கும். கேஜ் வீல் என்ற இரும்புச் சேற்றுச் சக்கரம் மாட்டி ஆக்சில் மூழ்க ஓடும்போது சேற்றுத் தண்ணீர் பின் ஆக்சில் சீல் வழியாகவும் பிரேக் டிரம் வழியாகவும் உள்ளே போகும். கியர் லிவரின் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் மழைத் தண்ணீர் மேலிருந்தே இறங்கும். 1035இல் கியர்பெட்டி, ஹைட்ராலிக், டிஃபரன்ஷியல் மூன்றுக்கும் ஒரே ஆயில், கிட்டத்தட்ட 30 லிட்டர். ஒரு இடத்தில் புகுந்த தண்ணீர் மூன்றையும் கெடுக்கும்.

இதைப் பார்க்க ஆயில் குச்சியை மட்டும் நம்பாதீர்கள். வண்டி ஒரு ராத்திரி முழுக்க ஓடாமல் சமதளத்தில் நிற்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பின்பக்க டிரெயின் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தி, ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில் தங்கும். அதனால் முதலில் வருவது அதுதான். வெறும் ஆயில் வந்தால் நல்லது. ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்தே பல நாள் ஓடியிருக்கிறது. பேரிங்குகளில் துருப்புள்ளி விழுந்திருக்கும். அந்த ஆயிலை விரலில் தேய்த்தும் பாருங்கள். மினுமினு என்று இரும்புத் தூள் ஒட்டினால் பின் ஆக்சிலின் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனையோ பேரிங்கையோ சந்தேகப்பட வேண்டும்.

டிரெய்லர் வண்டி என்றால் கதை வேறு. ஹிட்ச் துளை வட்டம் போய் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும், கிளட்ச் மிதியும் பிரேக் மிதியும் வழவழவென்று தேய்ந்திருக்கும், பின் டயர் நடுப்பட்டை மட்டும் தேய்ந்து ஓரம் நன்றாக இருக்கும். அதில் கிளட்ச், மேல் கியர்கள், பிரேக் மூன்றையும் கூடுதலாகப் பாருங்கள். ரோட்டவேட்டர் ஓட்டிய வண்டியில், பின்னால் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ ஷாஃப்டின் பற்களும் அதன் சீலும் முதலில் போகும்.

ஸ்பேனர்19:
இன்ஜின் பக்கம் நான் சொல்கிறேன். போவதற்கு முன்பே போன் செய்து, நாங்கள் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பிளாக்கைக் கையால் தொடுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். ஆறிய இன்ஜின்தான் உண்மை பேசும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை: ஆயில் குச்சியில் அளவு மேல்கோட்டைத் தாண்டி டீசல் வாடை அடித்தால், டாங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்து டீசல் சம்ப்புக்குள் (இன்ஜின் அடி ஆயில் தொட்டி) போகிறது. இன்ஜெக்டருக்கு டீசல் தள்ளும் பம்ப் ரோட்டரி வகையாக இருந்தால் அதன் ஷாஃப்ட் சீலும் அதே வேலையைச் செய்யும். சீல் மாற்றுவது சின்ன வேலை, ஆனால் டீசல் கலந்த ஆயிலில் எத்தனை நாள் ஓடியது என்பதுதான் கேள்வி. பேரிங்குக்கு அது விஷம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா பாருங்கள்.

அடுத்தது பலரும் விட்டுவிடும் இடம்: ஏர் கிளீனர். இது எண்ணெய்க் கிண்ணம் வைத்த வகை. கிண்ணத்தை விடுங்கள், ஏர் கிளீனரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் கிளிப்பைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் துடையுங்கள். மண்தூசி வந்தால் அந்த இன்ஜின் மண்ணைக் குடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் போட்ட லைனர், ரிங் எல்லாம் அதில் ஏற்கெனவே தேய்ந்திருக்கும்.

பிறகு ரேடியேட்டர் மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது ஹெட் கிராக். புகையில், குளிரில் கொஞ்ச நேரம் வெள்ளையாக வந்து மறைவது சகஜம். சூடான பிறகும் நீலம் வந்தால் ஆயில் எரிகிறது. லோடில் கறுப்பு வந்தால் இன்ஜெக்டர், பம்ப் டைமிங், அல்லது காற்று அடைப்பு. ஐடிலில் ராக்கர் கவர் மேல் உள்ள ஆயில் மூடியைத் திறந்து, துளைமேல் உள்ளங்கையை வையுங்கள். லேசான மூச்சு இருக்கும். பக் பக் என்று தள்ளிப் புகை விட்டால் ரிங் போயிற்று.

ஆயில் பிரஷரை அரை மணி நேரம் ஓட்டி, சூடான பிறகு பாருங்கள். இந்தப் பெர்கின்ஸ் வம்ச இன்ஜினில் முழு வேகத்தில் 30 முதல் 60 பி.எஸ்.ஐ வர வேண்டும். பிரஷரைத் தூக்கிக் காட்ட சம்ப்பில் கியர் ஆயிலை ஊற்றி வைப்பது பழைய தந்திரம். குச்சியிலிருந்து சொட்டு தேன் மாதிரி நூலாக இறங்கினால் அதுதான் நடந்திருக்கிறது.

ஏர்முனை:
ஹைட்ராலிக் பார்க்கக் கனம் வேண்டும். கருவி மாட்டாத வெறும் லிங்க் கைகளைத் தூக்கிக் காட்டினால் எந்த வண்டியும் தூக்கும். ஒன்பது கொழு கல்டிவேட்டர் மாட்டி, அதன்மேல் இரண்டு பேரை நிற்க வைக்காமல், நெல் மூட்டை இரண்டைக் கட்டுங்கள். ஐடிலிலேயே தூக்க வேண்டும். வேகம் கொடுத்தால்தான் எழும்பும் என்றால் பம்ப் வால்வு தேய்ந்திருக்கலாம், அல்லது உறிஞ்சும் பக்கத்து வலை அடைத்திருக்கலாம்.

தூக்கிய நிலையில் விட்டு இன்ஜின் ஓடட்டும். சில நொடிக்கு ஒருமுறை கல்டிவேட்டர் கொஞ்சம் இறங்கி மறுபடி எழும்பினால், தலையாட்டுகிறது என்போமே, அது உள் கசிவு. லிஃப்ட் சிலிண்டர் பிஸ்டன் ரிங், நிற்கும் குழாயின் ஓ ரிங், ரிலீஃப் வால்வு இந்த மூன்றில் ஒன்று. பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது பாருங்கள். உடனே பொத்தென்று இறங்கினால் கசிவு பெரிது. தூக்கிய கலப்பைக்கு அடியில் யாரும் காலையோ கையையோ நீட்டக் கூடாது. இது பழைய வண்டி.

இன்னொன்று சீட்டுக்கு அடியில். டாப் லிங்க் மாட்டும் கொக்கிக்குப் பின்னால் பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. உழும்போது மண்ணின் இழுவையை உணர்ந்து கலப்பையைத் தூக்கி இறக்குவது அதுதான். டாப் லிங்க்கைக் கழற்றிவிட்டு அந்தக் கொக்கியைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். துளியும் ஆட்டம் இருக்கக் கூடாது. ஆட்டம் இருந்தால் உழவு ஆழம் ஓரிடத்தில் நிற்காது, பம்ப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

செம்மண்காடு:
ஒரு சந்தேகம். கிளட்சை மிதித்தால் லிஃப்ட் நின்றுவிடுகிறது என்றார்கள். அது பழுதா?

ஏர்முனை:
ஒற்றைக் கிளட்ச் வண்டியில் அது இயல்பு. பம்ப்புக்கான ஓட்டமும் கிளட்ச் வழியாகத்தான் வருகிறது. டூயல் கிளட்ச் என்றால் பாதி மிதியில் வண்டி நிற்க வேண்டும், பி.டி.ஓவும் லிஃப்டும் ஓட வேண்டும். முழு மிதியில்தான் இரண்டும் நிற்கும். டூயல் கிளட்ச் என்று சொல்லி விற்றால் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அதற்கான பிளேட் செட்டின் விலையே வேறு.

வன்னிக்காடு:
இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. இஞ்ச இன்னும் மேசி 35 வயலில ஓடுது. உங்கட 1035இன்ர தாய் அதுதான், ஆனா ரெண்டையும் ஒண்டெண்டு நினைச்சு சாமான் வாங்கக் கூடாது. சில பேர் பழைய 1035க்கு 35இன்ர பட்ஜ் ஒட்டி, இங்கிலாந்து வண்டி எண்டும் விலை ஏத்துவினம்.

இங்கிலாந்து 35 கொவென்ட்ரியில, பானர் லேன் தொழிற்சாலையில செய்தது. 1956இல வந்த முதல் வண்டிகள் சாம்பலும் பொன்னிறமும். 1957 கடைசியிலதான் சிவப்பு வந்தது. முதல் டீசல் வண்டிகளுக்கு ஸ்டாண்டர்ட் கம்பனியின்ர நாலு சிலிண்டர் 23சி இன்ஜின். குளிரில ஸ்டார்ட் எடுக்கச் சண்டித்தனம் பண்ணும், சாமானும் கிடையாது. 1959 முடிவில பெர்கின்ஸ் மூண்டு சிலிண்டர் வந்தது. 1962இல 35 எக்ஸ். 1964இல 135 வந்திட்டுது. தகட்டைப் பாக்கிறதுக்கு முந்தி இன்ஜெக்டர் பைப்பை எண்ணுங்கோ: நாலு எண்டால் ஸ்டாண்டர்ட், மூண்டு எண்டால் பெர்கின்ஸ். தகட்டில எஸ்.டி.எம். எண்டு தொடங்கினா நாலு சிலிண்டர் டீசல், எஸ்.என்.எம். எண்டால் மூண்டு சிலிண்டர். எழுத்து ஒண்டு, இன்ஜின் வேறொண்டு எண்டால் ஆரோ மாத்தியிருக்கினம்.

வண்டல்:
அருமையான குறிப்பு. 1035 விஷயத்தில், வண்டி செய்த டாஃபே கம்பெனியின் தகடும், சென்னை செம்பியம் சிம்ப்ஸன் இன்ஜின் எண்ணும் பார்க்க வேண்டும். பெர்கின்ஸ் உரிமத்தில் சிம்ப்ஸன் செய்த சுமார் 2.4 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின் அது. கேஸ்கட், லைனர் வாங்கும்போது 35இல் வந்த பெர்கின்ஸ் 3.152 இன்ஜின் சாமானோடு குழப்பிவிடாதீர்கள், போர் அளவு வேறு.

எண் தகட்டின் ரிவெட்டையும் பாருங்கள். பளபளவென்று புது அலுமினிய ரிவெட் என்றால் தகடு கழன்று மாட்டப்பட்டிருக்கிறது. தகட்டை மட்டும் நம்பாமல் இரும்பில் குத்திய எண்ணைத் தேய்த்துத் துடைத்து, மேலே தாள் வைத்துப் பென்சிலால் உரசி எடுங்கள். ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள்.

ஃபெர்குசன் வழி வண்டிகளுக்குத் தனியாகச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இன்ஜின், கியர்பெட்டி, பின் ஹவுசிங் மூன்றும் போல்ட்டில் சேர்ந்து அதுவே முதுகெலும்பாகிறது. அதனால் இணைப்பு முகங்களில், முன் ஆக்சில் தாங்கும் வார்ப்பில், பின் ஆக்சில் குழாயில் வெல்டிங் கோடு தெரிந்தால் அதை ஓரமாக வைத்துப் பேச முடியாது. புதுப் பெயிண்டுக்கு அடியில் மறைக்கும் முதல் விஷயம் அதுதான். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

செம்மண்காடு:
நேற்று போய் எல்லாவற்றையும் பார்த்தேன். குறித்து வந்தது இது:
ஆறிய இன்ஜின், ஓரிரு சுற்றில் எடுத்தது. வெள்ளைப் புகை சீக்கிரம் மறைந்தது. ஹோஸுக்குள் தூசி இல்லை, ரேடியேட்டரில் குமிழி இல்லை, மூடியில் மூச்சு லேசாகத்தான். பிரஷர் ஆறியபோது 45, அரை மணி ஓடிய பிறகு முழு வேகத்தில் 22. ஆயில் கெட்டியாகத் தெரிந்தது. கிளட்ச் ஹவுசிங் அடியில் ஒரு சின்னத் துளையை எம்சீல் வைத்து அடைத்திருக்கிறார்கள். லிஃப்ட் தூக்குகிறது, ஆனால் தலையாட்டுகிறது. லோ இரண்டாவது கியர் இறக்கத்தில் கழன்று விழுகிறது. பின்பக்கம் டம்ளரில் கால் பங்கு தண்ணீர் வந்தது, பிறகு வந்த ஆயில் கலங்கல். வலது பிரேக் பிடிக்கவே இல்லை. வலது சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்க் கறை. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டினால் நடு ஆக்சில் பின்னில் ஆட்டம். இன்ஜின் எண் ஆர்சியில் உள்ளது இல்லை.

ஸ்பேனர்19:
கெட்டி ஆயில் ஊற்றியும் சூட்டில் 22 என்றால் மெயின் பேரிங்கும் கனெக்டிங் ராடு பேரிங்கும் தேய்ந்துவிட்டன, அல்லது ஆயில் பம்ப். ரிங் நன்றாக இருப்பதால், லைனர் செட் மட்டும் போட்டுக் கிராங்கைத் தொடாமல் மூடியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கிராங்கை எடுத்து அளந்து, கடைந்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டிவரும். ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்கையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அந்தத் துளைதான் முக்கியம். அது அடைக்கக் கூடாத துளை. அதில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்கும். மண் அடைக்காமல் இருக்கவே அந்தப் பின். உள்ளே எந்த ஆயில் கசிந்தாலும் வெளியே சொட்டிச் சொல்வதற்குத்தான் துளையே. இன்ஜின் ஆயில் சொட்டினால் கிராங்கின் பின் சீல், கியர் ஆயில் சொட்டினால் கியர்பெட்டி முன் ஷாஃப்ட் சீல். எம்சீலைக் குத்தி எடுத்து எது வருகிறது பாருங்கள். இரண்டில் எதுவானாலும் வண்டியை இரண்டாகப் பிரித்தால்தான் சரிசெய்ய முடியும். அடைத்து வைத்ததால் ஆயில் உள்ளேயே தேங்கி கிளட்ச் பிளேட் நனைந்திருக்கும். மூன்றாவது ஹை கியரில் போட்டு, பிரேக்கை மிதித்தபடி கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் பட்டென்று நின்றால் பிளேட் பிடிக்கிறது; சுற்றிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. இந்த வண்டியில் வலது பிரேக் இல்லாததால் முன்னால் ஒரு மண் மேட்டில் முட்ட வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும், எதிரே ஆள் நிற்கக் கூடாது.

வண்டல்:
இன்ஜினைவிட எனக்குப் பயம் பின்பக்கம்தான். கால் டம்ளர் தண்ணீரும் கலங்கல் ஆயிலும், வலது சக்கரத்துக் கறையும் ஒரே காரணம்: வலது ஆக்சில் சீல் போய், உள்ளிருந்து ஆயில் பிரேக் ஷூவில் ஏறியிருக்கிறது, வெளியிலிருந்து சேற்றுத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. ஆயிலில் ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவிப் போடுவது வீண், சூடானதும் மறுபடி கக்கும். ஷூ புதிது, சீல் புதிது. சீலோடு ஆக்சில் பேரிங்கையும் பார்க்க வேண்டும். அந்தச் சக்கரத்தைத் தூக்கி, டயருக்கு அடியில் கடப்பாறை கொடுத்து நெம்புங்கள். மேலும் கீழும் ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. பேரிங் தேய்ந்து ஆக்சில் ஆடும்போது எத்தனை புதுச் சீல் போட்டாலும் நிற்காது.

கியர் கழல்வது பற்றி அவசரப்பட வேண்டாம். மேல் மூடியைத் திறந்தால் தெரியும் ஷிஃப்டர் ஸ்பிரிங்கும் குண்டும் பலமிழந்து இருந்தால் செலவு சொற்பம். ஷிஃப்டர் ஃபோர்க் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை. கியர் பற்களின் ஓரம் மழுங்கியிருந்தால்தான் பெரிய செலவு. அந்தக் கியரில் லிவரைக் கையால் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் விடுங்கள். லிவர் கையைப் பலமாகத் தள்ளினால் பற்கள். லேசாக நழுவினால் ஸ்பிரிங்.

ஏர்முனை:
லிஃப்ட் தலையாட்டலுக்கு வண்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. சீட்டைக் கழற்றி, மேலே உள்ள லிஃப்ட் கவரைச் செயின் பிளாக்கில் தூக்கினால் சிலிண்டர் அதோடு சேர்ந்து வரும். பிஸ்டன் ரிங், ஓ ரிங் எல்லாம் அங்கேயே மாற்றலாம். ஆனால் தண்ணீர் கலந்த ஆயிலில் ஓடியதால் பம்ப் வால்வுகளும் தப்பியிருக்காது. கவர் திறந்திருக்கும்போதே பி.டி.ஓ ஷாஃப்டைப் பின்னால் உருவி, பம்ப்பையும் மேலே எடுத்துப் பார்த்துவிடுங்கள். ஒரே திறப்பில் முடியும் வேலையை இரண்டு முறை செய்ய வேண்டாம். பிறகு உள்ளே டீசல் ஊற்றிக் கழுவி வடித்து, புது ஆயில் போட்டு, சில மணி நேரம் ஓட்டி, அதையும் ஒருமுறை வடித்தால்தான் தண்ணீர் முழுக்கப் போகும். 30 லிட்டரை இரண்டு முறை கணக்கில் வையுங்கள்.

ஸ்பேனர்19:
வண்டலோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். இவர் செலவழிக்கப் போகிறார் என்றால் இரண்டாகப் பிரிக்கும் ஒரே நாளில் பின் சீல், முன் ஷாஃப்ட் சீல், கிளட்ச், கிளட்ச் பேரிங், பைலட் பேரிங், ஃபிளைவீல் முகம் எல்லாம் முடிந்துவிடும். 1035 சாமான் எந்தத் தாலுகா ஊரிலும் கிடைக்கிறது. எனக்கு இது விட்டுவிட்டு வர வேண்டிய வண்டி இல்லை. விலைதான் கேள்வி. ஓடும் வண்டியின் விலையைக் கொடுக்காதீர்கள். கிராங்க் வேலை, கிளட்ச், பின் ஆக்சில், ஹைட்ராலிக், முன் ஆக்சில் பின்னும் புஷ்ஷும் என்று ஐந்துக்கும் மெக்கானிக்கிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதை அப்படியே விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

வண்டல்:
கழித்துப் பேசினால் எனக்கும் சம்மதம். ஆனால் இன்ஜின் எண் விவகாரம் தீரும் முன் ஒரு ரூபாய்கூட முன்பணம் வேண்டாம். இன்ஜின் மாற்றியதில் தப்பில்லை, மாற்றியதை ஆர்சியில் ஏற்றாததுதான் தப்பு. வாங்கிய ரசீதோடு விற்பவர் பெயரிலேயே ஆர்.டி.ஓ அலுவலகத்தில் பதிவு செய்து தரச் சொல்லுங்கள். அவரால் ரசீது காட்ட முடியாவிட்டால், மற்ற எல்லாம் பொன்னாக இருந்தாலும் விட்டுவிடலாம்.

செம்மண்காடு:
பின் டயர் இரண்டும் 12.4-28, பட்டை பாதிக்கு மேல் இருக்கிறது, ஓரத்தில் மெல்லிய வெடிப்பு. ரிம்மில் வால்வு ஓட்டையைச் சுற்றித் துரு. காகிதத்தில் வேறென்ன பார்க்க வேண்டும்?

வன்னிக்காடு:
டயருக்குள்ள தண்ணி நிரப்பி ஓடினதால வாற துரு அது. சுத்தியலின்ர முனையால ரிம்மை மெல்லத் தட்டுங்கோ. கணீர் எண்டு கேட்டா இரும்பு இருக்குது. சத்தம் அமுங்கினாலோ பொரிஞ்சு உதிர்ந்தாலோ ரிம் மாத்தோணும். வெடிப்புக்குள்ள நூல் தெரியாட்டில் உங்கட வேலைக்கு டயர் போதும்.

வண்டல்:
1984இல் பதிவான வண்டியில் டி.என். எழுத்துகளை அடுத்து இரண்டு இலக்க ஆர்.டி.ஓ எண் வரும் வகை இருந்தால், ஏன் என்று கேளுங்கள். அந்த வரிசை 1989க்குப் பிறகுதான் வந்தது. பதிவு 15 வருஷத்துக்கு மட்டும். அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை படிவம் 25 கொடுத்துப் புதுப்பித்திருக்க வேண்டும். ஆர்சியில் கடைசித் தேதி ஓடிப்போயிருந்தால் அந்தச் செலவும் தண்டமும் விற்பவர் கணக்கு. பழைய வங்கிக் கடன் குறிப்பு இருந்தால் வங்கியின் கடன் தீர்ந்த கடிதமும் படிவம் 35உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. உங்கள் ஊர் வேறு ஆர்.டி.ஓ எல்லை என்றால் படிவம் 28இல் தடையில்லாச் சான்றும் வேண்டுமா என்று ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேளுங்கள். வெறும் கையெழுத்துப் போட்ட 29, 30ஐ மட்டும் வாங்கிக்கொண்டு வண்டியை ஓட்டி வராதீர்கள். விற்பவர் பெயரிலேயே காப்பீடு இருக்கும்போது சாலையில் ஏதாவது நடந்தால் இரண்டு குடும்பமும் கோர்ட்டில் நிற்கும்.

ஸ்பேனர்19:
அடுத்த முறை போகும்போது மெக்கானிக்கோடு ஒரு டார்ச், கடப்பாறை, பத்து டன் ஜாக்கி, இரண்டு மரக்கட்டை, தனியாக ஒரு ஆயில் பிரஷர் கேஜ் கொண்டுபோங்கள். டேஷ்போர்டு முள் பொய் சொல்லும். பிளாக்கில் கேஜ் குழாய் மாட்டும் இடத்தில் நம்முடையதைத் திருகி, சூட்டில் ஐடிலிலும் முழு வேகத்திலும் இரண்டு எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து இங்கே போடுங்கள். அதைப் பார்த்துக் கிராங்கா, வெறும் ஆயில் பம்ப்பா என்று சொல்லலாம்.